தலைகீழாகத் தொங்கும் மனிதன்: ஒரு சீட்டுப் படமும் நமது சிலுவைப் பிரசங்கமும்

சென்ற தவக்காலத்தில், எமது கல்லூரியின் பிரசங்கப் பயிற்சி வகுப்பில் இறுதியாண்டு மாணவர் ஒருவர் பெரிய வெள்ளிக்கிழமைக்கென ஆயத்தம் செய்த பிரசங்கம் ஒன்றை நிகழ்த்தினார். அவர் தெரிந்துகொண்ட வசனம் கலாத்தியர் 3:13. பேசத் தொடங்குமுன் கரும்பலகையில் ஒரு படம் வரைந்தார். இலை துளிர்த்த மரச் சட்டம் ஒன்று; அதில் ஒற்றைக் காலில் கட்டுண்டு தலைகீழாகத் தொங்கும் இளைஞன்; மறுகால் முழங்காலில் மடங்கிக் கட்டுண்ட காலின் பின்னே குறுக்காகச் செல்கிறது; கைகள் முதுகுக்குப் பின்னால்; முகத்தில் வேதனை இல்லை; தலையைச் சுற்றி ஒளிவட்டம். டாரட் சீட்டுக்கட்டில் ‘தூக்கிலிடப்பட்ட மனிதன்’ எனப்படும் பன்னிரண்டாம் படம் அது. உலகத்தைத் தலைகீழாய்ப் பார்க்கக் கற்றவனே உண்மையைக் காண்பான். தன்னை முற்றிலும் ஒப்புக்கொடுத்தவனே அமைதி அடைவான். கல்வாரியில் தொங்கியவர் நமக்குக் கற்பிப்பதும் இதுவே என்பது பிரசங்கத்தின் சாரம்.

உவமை புதிது, நடை செம்மை என்று பாராட்டி மதிப்பெண்ணையும் தாராளமாக வழங்கினேன். அன்றிரவு என் குறிப்பேட்டை மீண்டும் புரட்டியபோதுதான் ஒன்று உறைத்தது. கலாத்தியர் 3:13இன் உயிர்நாடியான ‘சாபம்’ என்னும் சொல், வசனத்தை வாசித்ததற்குப் பின்பு அப்பிரசங்கத்தில் ஒரு முறையேனும் வரவில்லை. மாணவரின் குறை அது என்று தள்ளிவிட இயலவில்லை. குறையைச் சுட்டிக்காட்ட அமர்ந்திருந்த ஆசிரியனும் அதைக் கவனிக்கவில்லை. படத்தின் அமைதி எங்கள் எல்லாருடைய செவிகளையும் அடைத்துவிட்டது.

ஆகவே இக்கட்டுரை ஒரு திருத்தம். அப்படத்தின் வரலாற்றையும், அதற்குப் பொருள் கூறியோரின் முறையையும் ஆராய்ந்தால், சிலுவைக்குப் பொருள் கூறுவதில் நாம் செய்யும் பிழை எதுவென்று விளங்கும் என்பதே இங்கு நாம் காட்ட விழைவது.

1. துரோகியின் படம்

டாரட் என்பது தொடக்கத்தில் குறிகேட்கும் கருவியன்று, ஒரு சீட்டாட்டம். 1440ஆம் ஆண்டையொட்டி வட இத்தாலியில் அது தோன்றியது. வழக்கமான நான்கு இனச் சீட்டுகள் 56. அவற்றோடு படம் தீட்டிய 22 சீட்டுகள் சேர்க்கப்பட்டு 78 ஆயின. படச் சீட்டுகளிற் பெரும்பாலானவை ஆட்டத்தில் துருப்பாகப் பயன்பட்டன. இதனை விரிவான சான்றுகளுடன் நிறுவியவர் ஆக்ஸ்போர்டு மெய்யியல் அறிஞர் மைக்கேல் டம்மெட். டாரட் ஆட்டத்தைக் குறித்த அவருடைய பெருநூல் 1980இல் வெளியாயிற்று. 18ஆம் நூற்றாண்டுக்கு முன் இச்சீட்டுகளைக்கொண்டு குறிபார்த்தல் பரவலாக வழங்கியதற்குச் சான்று இல்லை. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியையொட்டி இத்தாலியத் துறவி ஒருவர் இவ்விளையாட்டைக் கண்டித்து எழுதிய பிரசங்கம் கிடைத்துள்ளது. துருப்புச் சீட்டுகளை வரிசைப்படுத்தித் தரும் மிகப் பழைய பட்டியல் அதில்தான் இருக்கிறது. அவருடைய சினம் சூதாட்டத்தின் மீதும், கடவுளின் படத்தையும் போப்பின் படத்தையும் சீட்டில் வைத்த அவமரியாதையின் மீதுமே. அவருடைய பட்டியலிலும் பன்னிரண்டாம் இடத்தில் நிற்பவன் தூக்கிலிடப்பட்டவனே.

இவன் யார்? பழைய இத்தாலிய வழக்கில் இச்சீட்டுக்கு ‘துரோகி’ என்றே பெயர் உண்டு. அக்கால இத்தாலிய நகரங்களில் ‘இழிவோவியம்’ என்னும் தண்டனை முறை இருந்தது. நகரத்தைக் காட்டிக்கொடுத்தவர்கள், கடனைத் திருப்பாமல் ஓடியவர்கள், மோசடி செய்தவர்கள் ஆகியோரின் உருவத்தைப் பொதுக் கட்டடச் சுவரில், பெரும்பாலும் ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குவதுபோல் தீட்டிவைப்பர். ஆள் அகப்படாவிடினும் அவமானம் அகப்பட்டுவிடும். 1440இல் பிளாரன்ஸ் நகரத்தின் பகைவரை இவ்வாறு வரைந்த அந்திரேயா தெல் காஸ்தாஞ்ஞோவுக்குத் ‘தூக்கிலிடப்பட்டோரின் அந்திரேயா’ என்னும் பட்டப்பெயரே ஒட்டிக்கொண்டது. 1478இல் மெதிச்சி குடும்பத்தாரைக் கொல்ல முயன்ற சதிகாரரைத் தீட்டியவர் புகழ்பெற்ற பொத்திச்செல்லி. 1530ஐயொட்டிய முற்றுகைக் காலத்தில் இப்பணி அந்திரேயா தெல் சார்த்தோவிடம் வந்தது. தமக்கும் அப்பட்டப்பெயர் வந்துவிடுமோ என்று அஞ்சிய அவர், பலகைகளால் மறைப்புக் கட்டி, இரவில் வந்துபோய் வரைந்தார் என்று வசாரி எழுதியுள்ளார். தொங்குகிறவனின் இழிவு வரைகிறவனையும் தொற்றும் என்ற அச்சம் அது.

சீட்டில் அந்த இழிவு தெளிவாகவே பதிந்திருக்கிறது. பாரிசில் தேசிய நூலகத்திலுள்ள 15ஆம் நூற்றாண்டுச் சீட்டு ஒன்றில், தலைகீழாய்த் தொங்குபவன் இரு கைகளிலும் பணப்பைகளைப் பற்றியிருக்கிறான். முப்பது வெள்ளிக்காசை நினையாமல் எந்தக் கிறிஸ்தவனும் அப்படத்தைப் பார்த்திருக்க முடியாது. ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே, ஜெர்மானிய நாடுகளில், தலைகீழாய்த் தூக்கிலிடுவது யூதக் குற்றவாளிகளுக்கென ஒதுக்கப்பட்ட தண்டனையாகவும் இருந்தது. இருபுறமும் நாய்களைத் தொங்கவிடுவதும் உண்டு. கிறிஸ்தவ நாடுகள் இயேசுவின் இனத்தாருக்குச் செய்த கொடுமைகளில் இதுவும் ஒன்று.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். மிலான் கோமகன் குடும்பத்துக்காக 15ஆம் நூற்றாண்டின் நடுவில் தீட்டப்பட்டு, 74 சீட்டுகள் எஞ்சியுள்ள விஸ்கொந்தி-ஸ்போர்ஸாக் கட்டிலும் தொங்குபவனின் முகம் அமைதியாகத்தானே இருக்கிறது? உண்மை. ஆனால் அங்கு இழிவு முகத்தில் இல்லை, நிலையில் இருக்கிறது. ஒற்றைக் காலில் தொங்குபவன் யார் என்பது அக்காலத்துச் சந்தைத் தெருச் சிறுவனுக்கும் தெரியும். அங்கே ஒளிவட்டம் கிடையாது.

2. படத்தை நிமிர்த்திய போதகர்

துரோகி எவ்வாறு ஞானியானான்? இவ்விடத்தில் சீர்திருத்தத் திருச்சபையாராகிய நாம் சற்று வெட்கத்துடன் கேட்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. இச்சீட்டுகளுக்கு மறைபொருள் கூறும் மரபைத் தொடங்கிவைத்தவர் ஒரு புராட்டஸ்டண்டு போதகர்.

அவர் பெயர் அந்துவான் கூர் தெ ஜெபெலின். தந்தையாகிய அந்துவான் கூர், 1685இல் நாந்து ஆணை நீக்கப்பட்டபின் சிதறுண்ட பிரெஞ்சுச் சீர்திருத்தச் சபையை ‘வனாந்தர’க் கூட்டங்களில் மீண்டும் கட்டியெழுப்பியவர், போதகர்களைப் பயிற்றுவிக்க லோசான் நகரில் இறையியற் கல்லூரி அமையக் காரணமானவர். மகன் அங்கேயே பயின்று 1754இல் குருப்பட்டம் பெற்றார். பின்னர் பாரிசில் ஒடுக்குண்ட புராட்டஸ்டண்டாருக்காக வாதாடினார். நம் மதிப்புக்குரிய மனிதரே. ஆயினும் ‘ஆதி உலகம்’ என்ற தமது பெருந்தொகுப்பின் எட்டாம் தொகுதியில், 1781ஆம் ஆண்டு, டாரட் சீட்டுகள் பண்டை எகிப்தியரின் ஞானநூல் என்று எழுதினார். எகிப்திய எழுத்தை அன்று உலகில் எவரும் வாசித்தறிந்ததில்லை. சம்போலியோன் அதற்கு வழிகண்டது 1822இல்தான். ஆகவே ஜெபெலினின் கூற்றை மறுக்கவும் எவராலும் இயலவில்லை.

பன்னிரண்டாம் சீட்டை அவர் கையாண்ட விதம் பொருள்கோள் மாணவர் ஒவ்வொருவரும் கற்கவேண்டிய பாடம். நான்கு தலையாய நற்குணங்களில் வலிமை, நீதி, தன்னடக்கம் ஆகிய மூன்றும் சீட்டுகளில் உள்ளன. விவேகம் மட்டும் காணவில்லை. எகிப்திய ஞானிகள் அதை விட்டிருக்கமாட்டார்கள். ஆகவே இந்தத் தொங்கும் மனிதனே விவேகம்! உண்மையில் அவன் ஒரு காலில் நிற்பவன். மறுகாலை எங்கே ஊன்றலாம் என்று ஆராய்பவன். அறியாமை மிக்க சீட்டு அச்சிடுவோன் படத்தைத் தலைகீழாக்கிவிட்டான். சில ஆண்டுகளில் எத்தேயா என்னும் குறிசொல்பவர் வெளியிட்ட புதிய கட்டில் விவேகம் நேராகவே நின்றது.

இதைக் கண்டு நகைப்பது எளிது. ஆனால் இம்முறையை நன்கு உற்றுநோக்குவோம். முதலில் ஓர் ஒழுங்கை மனத்தில் வரித்துக்கொள்வது. பின்பு அவ்வொழுங்கில் அடங்காத ஒன்றைப் படியெடுத்தவன் பிழை என்பது. பின்பு அதை நிமிர்த்தி நிறுத்துவது. திருமறையில் நமக்கு இடறலாய் நிற்கும் பகுதிகளை நாம் கையாள்வதும் பலவேளைகளில் இவ்வாறல்லவா? ஜெபெலின் சீட்டைக் கையால் திருப்பினார். நாம் வசனத்தைக் குரலால் திருப்புகிறோம்.

3. ஒளிவட்டம்

அடுத்த நூற்றாண்டில் எலிபாஸ் லெவி வந்தார். இவரும் இறையியற் கல்லூரியிலிருந்து வந்தவரே. பாரிசில் தூய சுல்பீசு குருமடத்தில் பயின்று, 1835இல் உதவிக்குரு பட்டம் பெற்று, குருத்துவம் ஏற்குமுன் விலகினார். 22 படங்களை எபிரேய எழுத்துகள் இருபத்திரண்டோடு இணைத்து, பன்னிரண்டாம் படத்தில் பலியையும் நிறைவேறிய பெரும்பணியையும் கண்டார்.

மாணவர் வரைந்த படம் லண்டனில் 1909ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆர்தர் எட்வர்டு வெயிட் கருத்துரைக்க, பமீலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியப் பெண்மணி தீட்டியது. தூக்குமரம் அதில் உயிருள்ள மரமாகி இலைவிட்டது. தலையைச் சுற்றி ஒளிவட்டம் ஏறிற்று. வெயிட் தமது விளக்க நூலில், இது விவேகத்தின் சீட்டு, கடமையின் சீட்டு, இரத்தசாட்சியின் சீட்டு என்ற முன்னைய பொருள்களையெல்லாம் மறுக்கிறார். முகத்தில் இருப்பது துன்பமன்று, பரவசம். உருவம் குறிப்பது சாவையன்று, நிறுத்தி வைக்கப்பட்ட வாழ்வை என்கிறார். இன்று உலகெங்கும் மிகுதியாக வழங்குவது இப்படமே. நின்று நிதானித்தல், விட்டுக்கொடுத்தல், புதிய கோணத்திற் பார்த்தல் என்பவை இன்று இதற்குச் சொல்லப்படும் பொருள்கள்.

இம்மாற்றத்துக்குக் காரணம் என்ன? கலைநயம் மட்டுமன்று. சீட்டு, ஆட்ட மேசையிலிருந்து குறிகேட்போன் முன் வந்தபோது, படத்திலுள்ளவன் யார் என்ற கேள்விக்குக் ‘கேட்க வந்தவனே’ என்பது விடையாகிவிட்டது. காசு கொடுத்து வந்து அமர்ந்தவனிடம் ‘நீ துரோகி’ என்று சொல்ல யார் துணிவர்? ‘நீ சற்றுப் பொறுத்திரு, உன் பார்வை தெளியும்’ என்பதே சொல்லத்தக்கது. குறிபார்த்தலை உபாகமம் 18:10-12 விலக்குவதை நாம் அறிவோம். ஆனால் அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தில் குறிசொல்லும் அடிமைப் பெண் பவுலடியாரைக் குறித்துப் பொய் சொல்லவில்லை என்பதையும், அவளால் எசமான்கள் ஆதாயம் பெற்றார்கள் என்று லூக்கா எழுதியிருப்பதையும் கவனிக்கவேண்டும். குறிசொல்லுதலின் தீங்கு பொய்யில் மட்டும் இல்லை. கேட்பவனுக்கு உகந்ததையே உண்மையாக்கி விற்பதிலும் இருக்கிறது. காணிக்கைத் தட்டைச் சுமக்கும் நம் பிரசங்க மேடைக்கு இவ்வெச்சரிக்கை வேண்டாதது என்று யாரும் எண்ணவேண்டாம்.

4. மதிக்கத்தக்க இரு வாசிப்புகள்

இச்சீட்டைத் தொட்டவர் அனைவரும் இடறினார்கள் என்பது நம் கருத்தன்று. டி. எஸ். எலியட் 1922இல் வெளியிட்ட ‘பாழ்நிலம்’ என்னும் நெடுங்கவிதையில் குறிசொல்லும் பெண் ஒருத்தி சீட்டுகளை விரிக்கிறாள். தூக்கிலிடப்பட்டவனை மட்டும் அவளால் காணமுடியவில்லை. தமது குறிப்பில் எலியட், சீட்டுக்கட்டின் சரியான அமைப்பைத் தாம் அறியாரென்று ஒப்புக்கொண்டு, அவ்வுருவத்தை மானிடவியலார் பிரேசர் எழுதிய தூக்கிலிடப்பட்ட தெய்வத்தோடும், எம்மாவு வழியில் சீடரோடு நடந்தவரோடும் தாம் இணைத்ததாகக் கூறுகிறார். விற்பனைக்கு விரிக்கப்பட்ட சீட்டுகளில் அவர் அகப்படவில்லை. அறியப்படாதவராய் வழியில் கூடவே நடக்கிறார். இந்நுட்பம் வெயிட்டின் ஒளிவட்டத்தைவிட நற்செய்திக்கு நெருக்கமானது.

மற்றொன்று, ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த ‘டாரட் பற்றிய தியானங்கள்’. 1973இல் மறைந்த வலெந்தின் தோம்பெர்க் எழுதியது. கத்தோலிக்க இறையியல் அறிஞர் ஹன்ஸ் ஊர்ஸ் ஃபொன் பால்தசார் ஜெர்மன் பதிப்பொன்றுக்கு முன்னுரை வழங்கியது. குறிபார்த்தலை நாடாமல், படங்களைத் தியானப் பொருளாகவே கொள்ளும் நூல் இது. தொங்குபவனை, மண்ணின் ஈர்ப்பை விட்டு விண்ணின் ஈர்ப்புக்கு உட்பட்ட விசுவாசியாகக் காண்கிறார் ஆசிரியர். அழகிய கருத்து, பக்தி நிறைந்த கருத்து. ஆயினும் இங்கும் தூக்குமரத்தை நட்டவர் யார், தீர்ப்புச் சொன்னவர் யார், வேடிக்கை பார்த்தவர் யார் என்ற கேள்விகள் எழவில்லை. ஈர்ப்பு இருக்கிறது, கொலை இல்லை.

5. மரத்தில் தொங்கியவர்

இனி மாணவர் தெரிந்துகொண்ட வசனத்துக்கு வருவோம். உபாகமம் 21:22-23 கொல்லப்பட்ட குற்றவாளியின் உடலை மரத்தில் தொங்கவிடுவதைப் பற்றியது. இரவு தங்குமுன் அடக்கம் செய்யக் கட்டளையிடுவது. அங்கு வரும் ‘தொங்கவிடுதல்’ என்ற வினைக்குக் கிரேக்கத் திருமறை வழங்கும் கிரெமன்னுமி என்ற சொல்லையே பவுலடியார் கலாத்தியரில் எடுத்தாள்கிறார். பேதுருவின் பிரசங்கத்திலும் (அப். 5:30, 10:39) அதே சொல், லூக்கா 23:39இல் இயேசுவோடு தொங்கிய குற்றவாளிக்கும் அதே சொல். இழிவோவியத்தின் சொல் இது. ஒரே ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது: உபாகமத்தில் ‘தேவனால்’ என்றிருப்பதைப் பவுல் தமது மேற்கோளில் விட்டுவிடுகிறார். ஆனால் ‘சாபம்’ என்பதை விடவில்லை. அதை இன்னும் கூர்மையாக்கி, கிறிஸ்து நமக்காகச் சாபமானார் என்கிறார். ஜெபெலின் செய்ததைப் பவுல் செய்யவில்லை. இடறலான படத்தை அவர் நிமிர்த்தவில்லை.

அந்த இடறல் எத்தகையது என்பதை எதிர்த்தரப்பார் நன்கு அறிந்திருந்தனர். இரண்டாம் நூற்றாண்டில் யுஸ்தீன் எழுதிய உரையாடலில் யூதராகிய திரிபோ, மேசியா துன்பப்படுவார் என்பதை ஏற்றாலும், நியாயப்பிரமாணம் சபிக்கும் சாவை அவர் அடைவாரென்பதை ஏற்கத் தயங்குகிறார். இடைக்கால யூதர் சிலர் இயேசுவைத் ‘தாலுய்’, அதாவது தொங்கவிடப்பட்டவன், என்றே இகழ்ந்தனர். உரோமைப் பாலத்தீனு குன்றில் கிடைத்த பழஞ்சுவர்க் கிறுக்கல் ஒன்று, கழுதைத் தலையோடு சிலுவையில் தொங்கும் உருவத்தையும் அதனை வணங்கும் ஒருவனையும் காட்டி ஏளனம் செய்கிறது. பகைவர் நம் ஆண்டவருக்கு வரைந்த இழிவோவியம் அது. திருச்சபையின் முதல் நான்கு நூற்றாண்டுகளில் சிலுவையில் தொங்கும் இயேசுவைக் கிறிஸ்தவர் வரைந்தது மிக அரிது என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணவேண்டும்.

தலைகீழ் நிலையைக் குறித்தும் ஒரு பழைய சான்று உண்டு. புறமரபு நூலாகிய ‘பேதுருவின் நடபடிகள்’ அப்போஸ்தலர் தலைகீழாகச் சிலுவையில் அறையப்படக் கேட்டதாகக் கூறுகிறது. அதற்கு அவர் தரும் விளக்கம், முதல் மனிதன் தலைகீழாக விழுந்தான். அதனால் மனிதகுலம் முழுவதும் நன்மை தீமையைப் புரட்டிப் பார்க்கிறது என்பதாகும். அந்நூலைத் திருமறையாக நாம் ஏற்பதில்லை. ஆயினும் அங்குத் தலைகீழ் நிலை ஞானமாகக் காட்டப்படவில்லை, நோயாகவே காட்டப்படுகிறது. புதிய கோணத்தில் உலகைப் பார்க்கக் கற்பிக்கும் பயிற்சியன்று அது; நாம் கவிழ்ந்து கிடப்பதைக் காட்டும் தீர்ப்பு.

அப்படியானால் யோவான் நற்செய்தி சிலுவையை மகிமையாகக் காட்டுவதேன், ஒளிவட்டத்தை வரைந்தவர் அவரல்லவா என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்வியே. ஆனால் அதே யோவான், உயிர்த்தெழுந்தவரின் கைகளையும் விலாவையும் தோமாவின் விரல் தேடுமளவு திறந்து வைக்கிறார் (20:27). ஒளிவட்டம் பிழையன்று, ஒளிவட்டத்தினால் காயத்தை மறைப்பதே பிழை.

6. நாம் பிரசங்கிப்பது

1938 முதல் 2018 வரை வாழ்ந்த அமெரிக்கக் கறுப்பின இறையியலார் ஜேம்ஸ் கோன் 2011இல் ‘சிலுவையும் கொலைமரமும்’ என்ற பொருள்படும் நூலை வெளியிட்டார். கறுப்பின மக்களை வெள்ளையர் கும்பல்கள் மரங்களில் தூக்கிலிட்ட நாட்டில், மரத்தில் தொங்கிய கிறிஸ்துவை ஞாயிறுதோறும் பிரசங்கித்த வெள்ளை இறையியலார், ரெய்னால்டு நீபூர் போன்ற பேரறிஞர் உட்பட, இரு மரங்களுக்குமுள்ள தொடர்பைக் காணத் தவறினர் என்பது அவர் குற்றச்சாட்டு. ஏன் காணவில்லை? அவர்களுடைய சிலுவையில் தொங்கியவர் ஏற்கெனவே வெயிட்டின் சீட்டிலுள்ளவரைப்போல் ஆகிவிட்டார். அவரைச் சுற்றி ஒளி இருந்தது, கும்பல் இல்லை.

நம் சபைகளில் பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையில் அமர்ந்திருப்போரை எண்ணிப் பாருங்கள். ஊர் நடுவே அவமானப்படுத்தப்பட்டவர் அங்கே இருக்கிறார். சாதியின் பெயரால் அடித்துக் கொல்லப்பட்டவனின் தாய் இருக்கிறாள். தூக்கில் தொங்கிய மகனைத் தன் கையால் இறக்கிய தகப்பன் இருக்கக்கூடும். அவர்களிடம் தொங்குதலை ஒரு தியான நிலையாக விளக்குவது எத்தகைய கொடுமை! அவமானத்தை அவமானம் என்று பெயர் சொல்லி அழைத்து, அவ்விடத்திற்கே தேவன் இறங்கினார் என்பதல்லவா அவர்களுக்கு நற்செய்தி? அங்கே காட்டிக்கொடுத்தவரும் இருக்கிறார், பணப்பையைப் பற்றியவரும் இருக்கிறார். துரோகியின் இடத்தில் குற்றமற்றவர் தொங்கினார் என்பதைச் சாபத்தின் பெயரைச் சொல்லாமல் அவர்களுக்கு எவ்வாறு உரைப்போம்?

வாலிபர் ஒருவர் இச்சீட்டோடு போதகரிடம் வந்தால், உபாகமத்தைக் காட்டிக் கண்டித்து அனுப்புவதோடு நம் கடமை தீராது. அதன் பழைய பெயர் துரோகி என்று அவருக்குச் சொல்லலாம். அப்பெயரை அழித்தது யார், ஏன் அழித்தார்கள் என்று சேர்ந்து ஆராயலாம். அந்தப் பெயரைத் தாங்கத் துணிந்தவர் ஒருவர் உண்டென்று அங்கிருந்தே சொல்லத் தொடங்கலாம்.

மறுவாரம் அம்மாணவரை அழைத்து, மதிப்பெண் அவருடையதாகவே இருக்கட்டும், தவறு என்னுடையது என்று கூறி, இங்கு எழுதியவற்றைச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் சிறிதுநேரம் மௌனமாயிருந்து, “ஐயா, பிரசங்கத்தில் படத்தை விட்டுவிடட்டுமா?” என்று கேட்டார். “வேண்டாம் தம்பி, படம் இருக்கட்டும், ஒளிவட்டத்தை மட்டும் அழித்துவிட்டு, பணப்பைகளை வரையும். பிறகு, அந்த இடத்தில் தொங்கவேண்டியவர் யார் என்று கேளும்; முதலில் உம்மையும் என்னையும் கேளும்” என்றேன். பிரசங்கத்தை அவர் திருத்தி எழுதி வருகிறார். நானும் என் பழைய பெரிய வெள்ளிப் பிரசங்கக் குறிப்புகளை எடுத்து, ‘சாபம்’ என்ற சொல் எத்தனை இடங்களில் விடுபட்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.